ஊட்டிக் குளிரில் ரூஃப் போட ஆக்சிலரேட்டர் வாங்கலாமா?

டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் ரூஃப் போடப் போகிறவர்களுக்குக் கடையில் எடுத்து நீட்டப்படும் பொருள் குளோரைடு இல்லாத ஆக்சிலரேட்டர், அதாவது கான்கிரீட் இறுகுவதை வேகப்படுத்தும் மருந்து. கேனில் வரும் திரவம். பல கம்பெனிகள் விற்கின்றன. பெயர்தான் வேறு, உள்ளே பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட் கரைசல்தான். இங்கே எடைபோடுவது ஒரு பிராண்டை அல்ல, அந்த வகைச் சரக்கையே. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மெல்லிய ஸ்லாப், தூண், சன்ஷேடு ஆகியவற்றுக்கு வாங்கலாம். கனமான அஸ்திவாரத்துக்குத் தேவையில்லை. சுடுதண்ணீரும் இரவுப் போர்வையும் இல்லாமல் இதை மட்டும் ஊற்றினால் கொடுத்த காசு வீண்.

காரணம் எளிது. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்துதான் கான்கிரீட் இறுகுகிறது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அந்த வினையின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மூட்டையில் நம்பிக்கை தரும் எண்கள் எல்லாம் 27 டிகிரியில் சோதித்தவை. 53 கிரேடு ஓபிசி (சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்) 3 நாளில் 27 மெகாபாஸ்கல் (அழுத்தம் தாங்கும் வலிமையின் அலகு), பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்) 3 நாளில் 16 மெகாபாஸ்கல் எட்ட வேண்டும் என்பது ஆய்வகத்தின் 27 டிகிரிக்கான கணக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் ஜனவரி இரவில் நிற்கும் ஸ்லாபுக்கு அது பொருந்தாது. பகலில் 20 டிகிரி வெயில் அடிக்கிறதே என்று ஏமாறக் கூடாது. மேகமில்லாத இரவில் ஸ்லாபின் மேற்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடவும் அது குளிர்ந்துபோகும். தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் விடியற்காலைப் புல் வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். புல்லுக்கு நடப்பது திறந்து கிடக்கும் ஸ்லாபுக்கும் நடக்கும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். இறுகாத கலவை அந்த விரிவைத் தாங்காது. கான்கிரீட் 3.5 மெகாபாஸ்கல் வலிமையை எட்டிவிட்டால் ஒருமுறை உறைந்தாலும் பெரிய சேதம் இருக்காது என்பது குளிர்காலக் கான்கிரீட்டில் உலகெங்கும் ஏற்கப்பட்ட எல்லை. அதற்கு முன்பே உறைந்துவிட்டால், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டு ஆற்றினாலும் இறுதி வலிமையில் பாதிவரைகூடப் போய்விடலாம். ஆக, இந்தக் கேனுக்கு நாம் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்று: முதல் உறைபனி விழும் முன் அந்த 3.5 எல்லையைத் தாண்ட வைப்பது. நாலாம் நாளே முட்டு (ஸ்லாபைக் கீழிருந்து தாங்கும் கம்பங்கள்) எடுப்பதற்கான மருந்து அல்ல இது.

கடைகளில் இதை ‘ஆன்டி-ஃப்ரீஸ்’ என்று சொல்லி விற்பதும் உண்டு. அது தவறு. சொல்லப்பட்ட அளவில் கலந்தால் தண்ணீர் உறையும் வெப்பநிலை மிகச் சிறிதளவே இறங்கும். வேகத்தைக் கூட்டும் சரக்குக்கு முதலில் வேகம் இருக்க வேண்டும். 6 டிகிரியில் கொட்டிய கலவையில் கூட்டுவதற்கு அதிகம் இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, ‘செட்’ ஆவதும் (இளகிய கலவை கெட்டியாவதும்) ‘வலு’ ஏறுவதும் வெவ்வேறு என்பது. கால்சியம் நைட்ரேட் முதன்மையாகச் செட்டிங்கை விரைவுபடுத்தும். வலிமையில் கிடைக்கும் லாபம் சிமெண்டைப் பொறுத்துக் கூடும், குறையும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 934-2 இரண்டையும் தனித்தனியாகவே பிரித்து வைத்திருக்கிறது. ‘ஹார்டனிங் ஆக்சிலரேட்டர்’ என்று பெயர் பெற வேண்டுமானால் 5 டிகிரியில் 48 மணி நேரத்தில், மருந்து சேர்க்காத கலவையைவிட 30 சதவீதமாவது கூடுதல் வலிமை காட்ட வேண்டும். கம்பெனி தரும் விவரத் தாளான டேட்டா ஷீட்டில் 5 டிகிரிக்கான எண் இருக்கிறதா என்று பாருங்கள். 20 டிகிரி அல்லது 27 டிகிரி எண்களை மட்டும் போட்டிருக்கும் சரக்கு நம் குளிருக்கு எதையும் நிரூபிக்கவில்லை. கான்கிரீட்டில் கலக்கும் மருந்துகளுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 9103-க்கு இணக்கம், குளோரைடு அளவு, அடர்த்தி, திடப்பொருள் சதவீதம், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவையும் எழுத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குளோரைடில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கால்சியம் குளோரைடு மலிவு, வேகமும் அதிகம். கம்பி இல்லாத கான்கிரீட்டில் பல காலம் பயன்பட்டது. ஆனால் கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கனமீட்டருக்கு மொத்தக் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456. 350 கிலோ சிமெண்டுக்கு 2 சதவீதம் கால்சியம் குளோரைடு போட்டால் 7 கிலோ. அதில் குளோரைடு மட்டும் 4 கிலோவுக்கு மேல். ரூஃப் ஒரு நாள் முன்னால் இறுகும், கம்பி பல வருடம் முன்னால் துருப்பிடிக்கும். லேபிள் இல்லாத பொடியையோ, ஒழுகலை அடைக்க விற்கும் ‘குயிக் செட்’ திரவத்தையோ ரூஃப் கலவையில் ஊற்ற வேண்டாம். சந்தேகம் இருந்தால், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மருந்தைக் கலந்து சில்வர் நைட்ரேட் சொட்டு விடுங்கள். வெள்ளையாகத் தயிர்போலத் திரிந்தால் குளோரைடு இருக்கலாம், எச்சரிக்கை. தயோசயனேட் என்ற வேறு உப்பு கலந்த ஆக்சிலரேட்டரும் இதேபோலத் திரியும் என்பதால், இதை வைத்து முடிவு கட்டாமல் கம்பெனியின் சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

அளவில்தான் தளத்தில் அதிகம் தவறு நடக்கிறது. இந்த வகைக்குப் பொதுவாகச் சிமெண்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 500 கிராம் முதல் 1 கிலோ. துல்லியமான எல்லைக்கு உங்கள் கேனின் டேட்டா ஷீட்தான் அதிகாரம். எடைக்கணக்கு என்பதை மறந்து ஒரு லிட்டர் மக்கில் ஊற்றுகிறார்கள். அடர்த்தி 1.35 என்றால் 1 கிலோ என்பது 740 மில்லிதான். ஒரு லிட்டர் ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போகிறது. பகல் வெயிலில் மிக்சரிலேயே கலவை இறுகத் தொடங்குவதும், கொத்தனார் தண்ணீர் ஊற்றித் தளர்த்துவதும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. அந்தக் கூடுதல் தண்ணீர் ஆக்சிலரேட்டர் கொடுத்த லாபத்தை எல்லாம் தின்றுவிடும், இரவில் உறைவதற்கும் தண்ணீர் மிச்சம் வைக்கும். மருந்துக்குள் இருக்கும் தண்ணீரையும் கழிக்க வேண்டும். பாதி திடப்பொருள் உள்ள சரக்கில் கிலோவுக்கு அரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது.

எத்தனை கேன் தேவை? 1,000 சதுர அடி, 12.5 செ.மீ. கனம் என்றால் ஸ்லாப் மட்டும் சுமார் 11.6 கனமீட்டர், கனமீட்டருக்கு 7 மூட்டை வீதம் 81 மூட்டை. 1.5 சதவீதத்தில் 61 கிலோ மருந்து, ஏறக்குறைய 45 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு போதாது, மூன்று வேண்டும். விலையை ஒப்பிடும்போது கேன் விலையைப் பார்க்காமல் மூட்டைக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். மலிவான கேனுக்கு இரட்டிப்பு அளவு தேவைப்படலாம்.

இனி, மருந்தைவிடப் பெரிய வேலை செய்யும் சுடுதண்ணீர். எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் பிடித்து வைக்கும் சூடு ஜல்லி, மணல், சிமெண்டைப் போல நாலரை மடங்கு. 350 கிலோ சிமெண்ட், 1,850 கிலோ ஜல்லியும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), 175 லிட்டர் தண்ணீர் கொண்ட கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜல்லி, மணல் 8 டிகிரி, சிமெண்ட் 12 டிகிரி. தண்ணீரும் 8 டிகிரி என்றால் கலவை 8.5 டிகிரியில் வரும். தண்ணீரை மட்டும் 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 22 டிகிரி. மணலில் உள்ள ஈரம் குளிர்ந்த தண்ணீர் என்பதால் நடைமுறையில் 19, 20 கிடைக்கும், அதுவே போதும். 200 லிட்டர் டிரம், விறகு, ஒரு தெர்மாமீட்டர், இவ்வளவுதான் செலவு.

கலக்கும் வரிசை முக்கியம். சுடுதண்ணீர் நேராகச் சிமெண்டில் பட்டால் உருண்டை கட்டும், சட்டென்று செட் ஆகும். முதலில் ஜல்லி, மணலோடு சுடுதண்ணீரில் பெரும்பகுதியை விட்டு ஒரு நிமிடம் சுற்றுங்கள். சூடு பரவிய பிறகு சிமெண்ட். கடைசியில், எடுத்து வைத்த மிச்சத் தண்ணீரில் ஆக்சிலரேட்டரைக் கரைத்து ஊற்றி இன்னும் இரண்டு நிமிடம். தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசரும் போடுகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே மக்கில் கலக்காமல் தனித்தனியாக விடுங்கள். குளிரில் கிடந்த கேனின் அடியில் உப்பு படிந்திருக்கலாம். வீட்டுக்குள் வைத்து, கரைத்து, குலுக்கிய பிறகே எடுங்கள். கையுறை, கண்ணாடி வேண்டும். கேன் கழுவிய தண்ணீர் கிணற்றுக்கோ ஓடைக்கோ போகக் கூடாது. அதில் நைட்ரேட் இருக்கிறது.

சிமெண்டைப் பொறுத்தவரை, இந்த இரண்டு மாதத்துக்கு ரூஃபுக்கு ஓபிசி எடுப்பதே நல்லது. பிபிசி நல்ல சிமெண்ட்தான். ஆனால் அதிலுள்ள சாம்பல் குளிரில் மிக மெதுவாகவே வேலை செய்யும். பிபிசியில் ஆக்சிலரேட்டர் ஊற்றி ஓபிசி போல ஆக்கப் பார்ப்பது செலவு கூடிய சுற்றுவழி. பிபிசிதான் கிடைக்கிறது என்றால் சிறு அளவில் கலந்து, க்யூப் (உடைத்து வலிமை பார்க்கும் கான்கிரீட் கட்டி) போட்டு, அதே குளிரில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கம்பியிலும் ஷீட்டிலும் உறைபனி ஒட்டியிருக்கும்போது கான்கிரீட் கொட்டக் கூடாது. வெயில் ஏறிப் பனி உருகி, ஈரம் வடிந்த பிறகு ஆரம்பித்து மதியம் 2 மணிக்குள் முடித்தால், மேல்மட்டம் தேய்த்து மூட வெளிச்சம் இருக்கும். ஆக்சிலரேட்டரின் உண்மையான பயன் இங்கே தெரியும்: கொத்தனார் இரவு வரை காத்திருக்காமல் தேய்ப்பு வேலையை முடித்துவிடலாம். இதற்காக மட்டுமே வாங்கினாலும் தப்பில்லை.

மூடுவதில் சமவெளிப் பழக்கம் இங்கே கெடுதல் செய்யும். சாயங்காலமே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், ஈரச் சாக்கு போடுவதும் கலவை தானாக உண்டாக்கும் சூட்டை உறிஞ்சிவிடும். செட் ஆனதும் முதலில் பாலிதீன் ஷீட், அதன்மேல் காய்ந்த வைக்கோல் அல்லது காய்ந்த சாக்கு ஒரு சாண் கனத்துக்கு, மேலே தார்ப்பாய், காற்றில் பறக்காமல் ஓரத்தில் கல். பாலிதீனே ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஓரங்களும் மூலைகளும்தான் முதலில் குளிரும், அங்கே இரட்டிப்பாகப் போடுங்கள். அடிப்பக்கத்தை யாரும் நினைப்பதில்லை. இரும்பு ஷீட் சென்ட்ரிங்கின் கீழே காற்று அடித்தால் மேலே போட்ட போர்வை பாதிப் பயன்தான். கீழ்த்தளத்தின் ஜன்னல், வாசல் திறப்புகளைத் தார்ப்பாயால் அடையுங்கள். உள்ளே கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பச்சைக் கான்கிரீட்டின் மேற்பரப்பைச் சுண்ணாம்புத் தூளாக்கும். அதைவிட முக்கியம், கார்பன் மோனாக்சைடு காவலுக்குப் படுத்திருப்பவரின் உயிரை எடுக்கும்.

மூன்று இரவாவது போர்வை இருக்கட்டும். எடுக்கும்போது விடியற்காலைக் குளிரில் உருவாமல், பகலில் அடுக்கடுக்காக எடுங்கள். சூடான ஸ்லாப் திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். அதன்பின் தண்ணீர் ஆற்றல் பகலில் மட்டும்.

முட்டு எடுக்கும் நாளில்தான் ஆக்சிலரேட்டர் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கப்படுகிறது. தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று ஐஎஸ் 456 சொல்வதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த நாட்கள் ஓபிசிக்கும், 15 டிகிரிக்குக் குறையாத சூழலுக்கும்தான் என்று அதே பிரிவில் எழுதியிருப்பதை விட்டுவிடுகிறார்கள். கான்கிரீட்டின் வெப்பநிலையோடு 10 கூட்டி, மணி நேரத்தால் பெருக்குங்கள். இதுவே மெச்சூரிட்டி கணக்கின் (சூட்டையும் நேரத்தையும் சேர்த்துக் கான்கிரீட் எவ்வளவு முதிர்ந்தது என்று பார்ப்பது) எளிய வடிவம். 15 டிகிரியில் 7 நாள் என்பது 25 பெருக்கல் 168, அதாவது 4,200. சராசரி 12 டிகிரியில் ஒரு நாளைக்கு 528தான் சேரும், 8 நாள் வேண்டும். 8 டிகிரியில் கிட்டத்தட்ட 10 நாள். 5 டிகிரியில் 12 நாள். பிபிசிக்கு இன்னும் கூட. ஸ்லாபுக்குள் வெப்பநிலையை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் வயரைப் புதைத்துவிட்டால் காலை, மதியம், இரவு எழுதி வைத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆக்சிலரேட்டர் போட்டதற்காக இந்த நாட்களில் ஒன்றைக்கூடக் கையால் குறைக்காதீர்கள். குறைக்க வேண்டுமானால் க்யூப் சொல்ல வேண்டும். கூடுதலாக மூன்று க்யூப் போட்டு, ஆய்வகத்தின் 27 டிகிரித் தொட்டிக்கு அனுப்பாமல், ஸ்லாபின் அதே போர்வைக்குள் வைத்து, முட்டு எடுப்பதற்கு முந்தின நாள் உடைத்துப் பாருங்கள். வேண்டிய அளவைப் பொறியாளர் சொல்வார். மேற்பரப்பில் அடித்து, துள்ளும் அளவை வைத்து வலிமை கணிக்கும் ரீபவுண்ட் சுத்தியலை விடியற்காலையில் அடித்துப் பார்க்காதீர்கள். உறைந்த கான்கிரீட் கல் போலத் துள்ளும், உருகினால் உதிரும். மேற்பரப்பில் பறவை இறகு பதிந்தது போலக் கோடுகள் தெரிந்தால் அங்கே பனிப் படிகம் வளர்ந்திருக்கிறது. அந்தப் பகுதியைச் சுரண்டிப் பார்த்து, எவ்வளவு ஆழம் மென்மையாக இருக்கிறது என்று பொறியாளரிடம் காட்டும்வரை ஒரு முட்டுக் கம்பத்தைக்கூடத் தொட வேண்டாம்.