சத்தம் போன டயர், ஸ்டெப்னி இல்லாத கார்: 21,000 கிலோமீட்டர் அனுபவம்

ஆத்தூரில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். என்னிடம் இருக்கும் அதே ஜெர்மன் எஸ்யூவியைப் பழையதாக வாங்கியிருக்கிறான். கம்பெனியிலிருந்து வந்த டயர் தேய்ந்துவிட்டது. "மாப்ள, ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு. நீ போட்ட டயரையே நானும் போட்டுடட்டுமா?" என்று கேட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்த டயரோடு ஏற்காட்டு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். அதனால் நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வீடு சேலம் அஸ்தம்பட்டியில். ஏற்காட்டில் கொஞ்சம் காபியும் மிளகும் இருப்பதால் வாரம் ஒருமுறை மேலே போக வேண்டும். மாதம் ஒருமுறை தொப்பூர் வழியாக பெங்களூரு. டயர் அளவு 235/55 ஆர்19, அதாவது 19 அங்குல ரிம். வண்டியோடு வந்தது ரன்ஃபிளாட். அதாவது, காற்று முழுதும் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அதற்காகப் பக்கச் சுவரைக் கனமாகவும் விறைப்பாகவும் செய்திருப்பார்கள். அந்த விறைப்பை உட்கார்ந்திருப்பவர் முதுகுதான் தாங்க வேண்டும். நம் ஊர் வேகத்தடைகளில் அது 'டொம்' என்று விழும்போதெல்லாம், இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய வண்டி ஏன் லோடு ஆட்டோ மாதிரி இடிக்கிறது என்று கோபம் வரும்.

இடி கூடப் பரவாயில்லை, சத்தம்தான் தாங்க முடியவில்லை. ஓமலூர் தாண்டி 80, 90 வேகம் பிடித்தால் 'ஊம்ம்' என்று ஒரு இரைச்சல் தரையிலிருந்து எழும். தார் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் அது இன்னும் கூடும். எனக்கு அது வெறும் எரிச்சல். அப்பாவுக்கு அப்படியில்லை.

அப்பா அம்மாப்பேட்டையில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்திலேயே காது போய்விட்டது. இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார். பேச்சு எது, இரைச்சல் எது என்று அந்த மெஷினுக்கு முழுதாகப் பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் கூட்டித்தான் கொடுக்கும். காரில் ஏறி பெல்ட் போட்டதும் அவர் செய்யும் முதல் வேலை, இரண்டு மெஷினையும் கழற்றி டப்பாவில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. அப்புறம் பெங்களூரு போய்ச் சேரும் வரை ஜன்னலைப் பார்த்தபடி வருவார். பின்சீட்டில் பேரப்பிள்ளைகள் எதற்காவது சிரித்தால், அவரும் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது.

2023 நவம்பரில் 38,000 கிலோமீட்டரில் பழைய டயர் முடிந்தது. இந்த முறை ரன்ஃபிளாட் வேண்டாம், அமைதியானது வேண்டும் என்று முடிவு செய்தேன். ஐந்து ரோடு பக்கம் இரண்டு கடை, கொண்டலாம்பட்டி பைபாஸில் ஒரு கடை ஏறி இறங்கினேன்.

ஒரு கடைக்காரர் 18 அங்குல ரிம்முக்கு இறங்கச் சொன்னார். நல்ல யோசனைதான். 235/60 ஆர்18 போட்டால் பக்கச் சுவர் 129 மில்லிமீட்டரிலிருந்து 141 ஆகிவிடும். மொத்த விட்டத்தில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம்கூட வராது, அதனால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. என் வண்டியின் கீழ் மாடலுக்கு அந்த அளவுதான் கம்பெனியிலேயே வருகிறது. ஆனால் நான்கு ரிம்முக்குத் தனியாகப் பணம் போட வேண்டும், அதனால் விட்டுவிட்டேன். இடிதான் உங்கள் பிரச்சினை என்றால் அதைத் தாராளமாக யோசியுங்கள்.

இன்னொரு கடையில் 101 என்று எண் போட்ட டயரை எடுத்து வைத்தார்கள். என் வண்டியின் கதவோர ஸ்டிக்கரில் இருப்பது 105. அந்த எண் எடை தாங்கும் அளவு. 101 என்றால் ஒரு டயர் 825 கிலோ, 105 என்றால் 925 கிலோ. "இதெல்லாம் யாரும் பார்க்கறதில்லைங்க" என்றார்கள். நான் பார்க்கிறேன். நாலு பேர், மிளகு மூட்டை, இருபது கொண்டை ஊசி வளைவு என்று இறங்கும் வண்டிக்கு அந்த எண்ணில் குறைக்கவே கூடாது. பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 3223 என்றால் 2023-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்தது. முதலில் எடுத்து வந்தது 2021 சரக்கு. திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் எடுத்தது உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய டயர். கான்டினென்டல் இதை கான்டிசைலன்ட் என்கிறது, மிஷெலின் அக்கூஸ்டிக் என்கிறது, பிரெல்லி பிஎன்சிஎஸ் என்கிறது. பெயர் வேறு வேறானாலும் விஷயம் ஒன்றுதான். டயருக்குள் அடைபட்ட காற்று ரோட்டின் அதிர்வில் ஒரு குடம் மாதிரி முழங்கும். ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸில் வரும் அந்த முழக்கம் ரிம் வழியாக வண்டிக்குள் ஏறும். உள்பக்கம் சுற்றிலும் ஒட்டியிருக்கும் பாலியூரிதேன் ஸ்பாஞ்ச் அதைக் குடித்துவிடும். நான் எந்த கம்பெனி டயர் போட்டேன் என்று இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த வகை டயர் எல்லாவற்றுக்கும் பொது.

ஒரு டயர் 25,600 ரூபாய். அப்போது வரி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. அடிப்படை விலை மாறாமல் இருந்தால் அதே டயர் இன்று 23,600. நாலுக்கு 8,000 ரூபாய் மிச்சம். நண்பன் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

மாட்டிய அன்று மாலையே ஓமலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். டயரின் மெல்லிய 'ஸ்ஸ்' இருந்தது, காற்றுச் சத்தம் இருந்தது. அந்த 'ஊம்ம்' மட்டும் காணாமல் போயிருந்தது. வேகத்தடையில் 'டொம்' போய், மெத்தையில் கால் வைத்த மாதிரி ஒரு அமுக்கம். ரன்ஃபிளாட்டை விட்டதால் வந்தது எவ்வளவு, ஸ்பாஞ்சால் வந்தது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இடி குறைந்தது முதலாவதால், முழக்கம் போனது இரண்டாவதால் என்பது என் கணிப்பு.

அடுத்த ஞாயிறு அப்பாவோடு ஏற்காடு கிளம்பினோம். கோரிமேடு தாண்டும்போது வழக்கம் போல மெஷினைக் கழற்றக் கை போனது. போன கை காதிலேயே நின்றது. ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடிவாரம் சோதனைச் சாவடி வரை பேசவில்லை. ஏழாவது வளைவு திரும்பும்போது, "இந்த எடத்துல தண்ணி விழுற சத்தம் கேக்குது கண்ணு" என்றார். மழை பெய்து ஓய்ந்திருந்தது, பாறையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாராவாரம் அந்த வளைவைத் திரும்பும் எனக்கே அது அதுவரை காதில் விழுந்ததில்லை. அன்று மேலே போய்ச் சேரும் வரை பேத்தியோடு பேசிக்கொண்டே வந்தார். தறிக்குப் பாவு எப்படிப் பிணைப்பது என்று அவளுக்குச் சொன்னார். எனக்கும் அவர் சொன்னதில்லை அது.

இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த டயரை நான் எங்கே வேண்டுமானாலும் புகழ்வேன். சரி, மற்றதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டீயரிங் பழைய கூர்மையில் இல்லை. பக்கச் சுவர் மென்மையானதால் கொண்டை ஊசியில் திருப்பும்போது வண்டி ஒரு கணம் சாய்ந்த பிறகுதான் திரும்புகிறது. மெதுவாக ஓட்டுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

காற்று விஷயத்தில் கறாராக இருங்கள். என் ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ. பம்ப்பில் சொல்லாமல் விட்டால் 40 அடித்துவிடுகிறார்கள். 40-இல் ஓட்டினால் இந்த டயரும் பாதி ரன்ஃபிளாட் ஆகிவிடும், இடியும் சத்தமும் திரும்பி வந்துவிடும். காலையில் டயர் ஆறியிருக்கும்போதே அடியுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கொஞ்சம் கூட்டிக் காட்டும், மேலே இருக்கும் குளிர் அதைக் குறைத்துக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். சேலத்தில் சரியாக அடித்திருந்தால் ஏற்காட்டில் கை வைக்க வேண்டாம்.

14,000 கிலோமீட்டரில் 'வூம் வூம்' என்று புதிதாக ஒரு சத்தம் கிளம்பியது. பேரிங் போய்விட்டது என்றே நினைத்தேன். மெக்கானிக் முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தேய்க்கச் சொன்னார், பிறகு எதிர்ப்பக்கமாக. ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் ரம்பம் மாதிரி கையைப் பிடித்தது. மலை ஏறி இறங்குகிற வண்டிக்கு முன் டயரின் ஓரம் இப்படித்தான் தேயுமாம். அலைன்மென்ட் பார்த்து, முன்னும் பின்னும் மாற்றிப் போட்டதும் சத்தம் பெரும்பாலும் அடங்கியது. 8,000-இலேயே மாற்றியிருக்க வேண்டும்.

இப்போது, முதலில் சொன்ன அந்த ஞாயிறு. மேலிருந்து இறங்கும்போது, பாதி வழியில் பின்பக்க டயரில் காற்று குறைகிறது என்று எச்சரிக்கை வந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் ஒரு நீளமான ஸ்க்ரூ. ரன்ஃபிளாட் என்றால் மெதுவாக ஓட்டி வீட்டுக்கே வந்திருக்கலாம். இது சாதாரண டயர். ரன்ஃபிளாட்டோடு வந்த வண்டி என்பதால் ஸ்டெப்னியும் கிடையாது, ஜாக்கியும் கிடையாது. கையில் இருந்தது ஒரு சின்ன பம்ப் மட்டும். காற்று அடிப்பது, இரண்டு வளைவு இறங்குவது, மறுபடி அடிப்பது. பம்ப் சூடாகி நின்றுவிடும், ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. அப்பா குளிரில் மப்ளரை இழுத்து மூடிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தை இன்னும் முழுதாக ஆற்ற முடியவில்லை.

அடிவாரத்துக் கடையில் வெளியிலிருந்தே ஓட்டையில் பஞ்சர் ஸ்ட்ரிப் சொருகினார்கள். மறுநாள் காலையில் 6 பிஎஸ்ஐ இறங்கியிருந்தது. டவுனில் ஒரு கடையில் டயரைக் கழற்றி உள்ளே பார்த்ததும், "அண்ணா, ஸ்பாஞ்ச் இருக்குது. இதுல கை வெச்சா அப்புறம் நான் பொறுப்பில்ல" என்று திருப்பி மாட்டிவிட்டார். அடுத்த கடையிலும் அதே பதில். மூன்றாவது கடைத் தம்பிதான் பொறுமையாக ஓட்டை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஸ்பாஞ்சை வெட்டி எடுத்து, பசையைச் சுரண்டி, உள்பக்கமாகப் பேட்ச் ஒட்டி, பேலன்ஸிங் பார்த்துக் கொடுத்தார். ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றியிருந்தால் ஸ்பாஞ்ச் அத்தனையும் குடித்துவிட்டு டயரே குப்பைதான் என்றார். என் வண்டி நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஒரு டயர் மட்டும் புதிதாகப் போட்டால் விட்டம் ஒத்துவராது. அப்படி ஆகியிருந்தால் குறைந்தது இரண்டு டயருக்குச் செலவு வந்திருக்கும்.

அதனால் நண்பனுக்கு நான் சொன்னது இது. ஸ்பாஞ்ச் வேண்டாம். ரன்ஃபிளாட்டும் வேண்டாம். நல்ல கம்பெனியின் கம்ஃபர்ட் டயர், சாதாரணமானது, 105 எண், புதுத் தேதி. மிச்சமாகும் 8,000 ரூபாயில் முதலில் ஸ்டெப்னிக்கு வழி பண்ணு. ஆத்தூரிலிருந்து உளுந்தூர்பேட்டை ரோட்டில் ராத்திரி நேரத்தில் ஸ்பாஞ்ச் டயரை வைத்துக்கொண்டு நின்றால் யார் வந்து ஒட்டுவார்கள்?

"அப்ப நீயும் அடுத்த தடவை மாத்திடுவியா?" என்று கேட்டான்.

என் டயரில் இன்னும் 15,000 கிலோமீட்டர் வரும். வெட்டி எடுத்த இடம் ஓட்டும்போது தெரியவில்லை, சத்தமும் கூடவில்லை. நேற்று அந்த மூன்றாவது கடைக்குப் போய், தேயும்போது அதே ஸ்பாஞ்ச் டயரே நான்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னால் டிக்கியில் அடங்குகிற மாதிரி ஒரு மெல்லிய ஸ்டெப்னியும் ஜாக்கியும் தேடச் சொல்லியிருக்கிறேன். அப்பா கூட வந்திருந்தார். கடை வாசலில் ஏர் கம்ப்ரஸர் ஓடிய சத்தத்தில் மெஷினைக் கழற்றியவர், காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் இரண்டையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.