டேனரி சாலைப் பக்கம் ஒரு கிதாபு வகுப்பு

பெங்களூரில் பள்ளிவாசல் பயான்கள் (சொற்பொழிவுகள்) பெரும்பாலும் உருதுவில்தான். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வந்தவர்களுக்கு அதில் சிக்கல் இல்லை. காயல்பட்டினத்தில் பெண்கள் தைக்காவில் (பெண்கள் மார்க்கம் கற்கும் இடம்) ஓதி வளர்ந்த என் காதில் அது விழுந்தாலும் மனத்தில் இறங்குவதில்லை. டேனரி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஒரு மாடிக் கூடத்தில் ஞாயிறுதோறும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பின் தமிழில் கிதாபு (மார்க்க நூல்) வகுப்பு நடக்கிறது என்று ராத்தா (அக்கா) சொன்னார். பெயர்ப் பலகைகூடக் கிடையாது. மாடிப்படியில் குவிந்து கிடக்கும் செருப்புகள்தான் அடையாளம்.

பாடம், கல்வி கற்கும் முறையைப் பற்றி ஸர்நூஜி அரபியில் எழுதிய தஃலீமுல் முதஅல்லிம். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முந்தைய சிறிய நூல், 13 அத்தியாயங்கள். எந்த நிய்யத்தோடு (எண்ணத்தோடு) படிக்க உட்கார வேண்டும், உஸ்தாதை (ஆசிரியரை) எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், கிதாபை எப்படிக் கையாள வேண்டும் என்பதுதான் பேச்செல்லாம். எழுதியவர் ஹனஃபி சட்ட மரபினர், நாங்கள் ஷாஃபி மரபினர். தொழுகையில் கை கட்டும் இடம் வேறுபடலாம், அதபில் (ஒழுக்கத்தில்) என்ன வேறுபாடு?

புதிய சுற்றின் முதல் பாடம் மட்டும் புதன்கிழமை நடக்கிறது. ஸர்நூஜியின் உஸ்தாதும் ஹிதாயா என்ற சட்ட நூலின் ஆசிரியருமான மர்கீனானி புதன்கிழமைகளில்தான் பாடம் தொடங்குவார் என்று நூலிலேயே இருக்கிறது. பாடம் நடத்தும் ஹஸ்ரத் அதைச் சொன்னதும், "பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுத்தது திரைக்கு இந்தப் பக்கம், பெண்கள் பகுதி வரை கேட்டது.

ஹஸ்ரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதியவர். வரிக்கு வரி அரபியைப் படித்து, நல்ல தமிழில் பொருள் சொல்கிறார்; குரலை உயர்த்துவதே இல்லை. ஒருவர் கைபேசியைக் கிதாபின் மேல் வைத்துவிட்டார். ஹஸ்ரத் பாடத்தை நிறுத்தி, கிதாபின் மேல் மைக்கூட்டைக்கூட வைக்கக் கூடாது என்று கண்டித்த பகுதியை அன்றே எடுத்து ஓதினார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கைபேசி தானாகச் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

மறதியை உண்டாக்கும் பொருள்களின் பட்டியல் வந்த அன்று கூடமே கலகலத்தது. பச்சைக் கொத்தமல்லி அதில் இருக்கிறது, புளிப்பு ஆப்பிளும் இருக்கிறது. "கொத்தமல்லி போடாமல் ரசம் எப்படி வைப்பது ஹஸ்ரத்?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு சீட்டுப் போனது. அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "அது அவர் காலத்து வைத்தியம் அம்மா, மார்க்கச் சட்டம் இல்லை. தாராளமாகப் போடுங்கள்." பழைய நூலை மதிக்கவும் வேண்டும், அதில் எது தீன் (மார்க்கம்), எது அந்தக் காலத்து வழக்கம் என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் குறைவு.

மியூச்சுவல் ஃபண்டுக்கு ஜகாத் (கட்டாயத் தர்மம்) எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு மென்பொருள்காரத் தம்பி கேட்டபோது, "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்றார். மறுவாரம் எழுதிக்கொண்டும் வந்தார். பெரும் சட்ட அறிஞரான இமாம் மாலிக்கிடம் தொலைவிலிருந்து வந்து ஒருவர் அடுக்கிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் 'தெரியாது' என்றே பதில் சொன்னதாகப் படித்திருக்கிறேன். நம் காலத்தில் எந்தக் கேள்விக்கும் ஒரு நிமிடக் காணொளியில் தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது.

இனி நடத்துகிறவர்களிடம் வருகிறேன். அவர்கள் இந்தக் கிதாபை ஒரு தடவை தங்களுக்காகவும் ஓதிக்கொள்ள வேண்டும்.

அறுபது ரூபாய்க்குத் தரும் நகலில் எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிறது. எழுத்தை நெருக்கி எழுதிய ஒருவரிடம், உயிரோடிருந்தால் வருந்துவாய், இறந்துபோனால் ஏசப்படுவாய் என்று ஹனஃபி மரபின் மூலவரான இமாம் அபூஹனீஃபா எச்சரித்தது இதே நகலில்தான் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க எனக்குக் கண்ணாடி போதவில்லை. ஹனஃபி அறிஞரான ஸரக்ஸீ இமாம் வயிற்றுக் கோளாறோடு ஒரே இரவில் 17 முறை ஒளு செய்து (முகம், கை, கால் கழுவித் தூய்மையாகி) பாடத்தைத் தொடர்ந்தார் என்றும் ஓதினோம். பெண்கள் பக்கம் இருக்கும் ஒற்றைக் குழாயில் அவருக்கு அந்த இரவு போதியிருக்காது.

பெரிய குறை திரைதான். திரை இருப்பதை நான் குறை சொல்லவில்லை, அதற்கு இந்தப் பக்கம் வைத்திருக்கும் கரகரக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சொல்கிறேன். ஆண்கள் இடையிடையே வாய்விட்டுக் கேட்கலாம். நாங்கள் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். அதையும் கடைசியில்தான் படிப்பார்கள். மஃரிபு (அந்தித் தொழுகை) பாங்கு சொன்னதும் பாதிச் சீட்டுகள் ஹஸ்ரத்தின் ஜுப்பாப் பைக்குள் போய்விடும். மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை வெட்கம் மார்க்கம் கற்பதிலிருந்து தடுக்கவில்லை என்று நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி பாராட்டியது எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் எங்களை முந்திவிட்டார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் தாருங்கள் என்று பெண்கள் கேட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) நாள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் கல்விக்கான பகுதியிலேயே இருக்கிறது. நான் கேட்டது ஒரு நாள்கூட இல்லை, ஒரு மைக். பொறுப்பில் இருக்கும் தம்பி "பார்க்கலாம் ராத்தா" என்றார். அவர் பார்ப்பதற்குள் கிதாபு முடிந்துவிடும் போலிருக்கிறது.

கட்டணம் இல்லை, வாசலில் உண்டியல் இருக்கிறது. தேநீரில் சர்க்கரை அதிகம். வண்டி நிறுத்த இடம் கிடையாது, சிவாஜிநகரிலிருந்து ஆட்டோவில் வருவதே நல்லது. ஹலாலா ஹராமா என்று உடனுக்குடன் தீர்ப்பு வாங்கிப் போக வருகிறவர்களுக்கு இங்கே பொறுமை போய்விடும். ஆற அமர ஒரு கிதாபை முழுதாக ஓத விரும்புகிறவர்கள் கண்டிப்பாகச் சேரலாம். பெண்கள் சற்று முன்னதாக வந்து பெட்டிக்கு எதிர்ச் சுவரோரம் உட்காருங்கள், அங்கே மட்டும் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. கேள்வியை வீட்டிலேயே எழுதிவந்து பாடம் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். அடியில் போன சீட்டு இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகும் மேலே வராது.