0.15 மி.மீ. உளி என்று விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

மாடல் கப்பல் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பேனல் கோடு (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளக் கோடு) கீற “டங்ஸ்டன் கார்பைடு உளி, ஐந்து அளவுகள்” என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. 1,850 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டேன்.

நான் செய்துகொண்டிருப்பது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஏழு-சி ரக நீர்மூழ்கி, 1/144 அளவு. 67 மீட்டர் கலம் மாடலில் 46 செ.மீ. சொச்சம் வரும். இடது, வலது பாதிகளை ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டதில் இணைப்பு ஓரமாக இருந்த தகட்டுக் கோடுகள் அழிந்துபோயின. அவற்றைத் திரும்பக் கீறத்தான் இந்த உளி.

முதல் இழுப்பிலேயே சந்தேகம் வந்தது. நல்ல உளி என்றால் பிளாஸ்டிக்கை மெல்லிய சுருளாகச் சீவி எடுக்கும். இது உழுதுகொண்டு போனது, இரண்டு பக்கமும் பிசிறு. 0.15 என்று எழுதியிருந்த நுனியை வெர்னியரில் வைத்தேன்: 0.35 மி.மீ. 1/144-இல் கணக்குப் போட்டால் நிஜக் கப்பலில் 5 செ.மீ. பள்ளம். பற்றவைத்துக் கட்டிய கலத்தில் தகடுகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி எங்கே இருக்கும்? சொன்னபடி 0.15 இருந்திருந்தாலே 2 செ.மீ. ஆகிறது. அதனால்தான் இந்த வேலையில் நுனியின் அகலத்தை இவ்வளவு பார்க்கிறோம்.

அப்புறம் தண்டின் பின்முனையில் அரத்தை வைத்துத் தேய்த்தேன். தூள் கொட்டியது. கார்பைடு என்றால் சாதாரண அரம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும், ஒன்றும் ஆகாது. இது வெறும் எஃகு. கையில் எடுத்த உடனேயே உணர்ந்திருக்க வேண்டும். அதே பருமனில் கார்பைடு எஃகைப் போல இரண்டு மடங்கு கனக்கும். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். கார்பைடில் கோபால்ட் கலந்திருப்பதால் அதுவும் லேசாக ஒட்டும். விற்றவர் அதைச் சொல்லித்தான் என் வாயை அடைக்கப் பார்த்தார்.

பணம் திரும்பக் கேட்டதற்கு, “பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம்” என்றார். 200 ரூபாய் குறைப்பதாகச் சொன்னதால் விற்பனைத் தளத்துக்கு வெளியே யுபிஐ-யில் நேரடியாக அனுப்பியிருந்தேன், தளம் தரும் பாதுகாப்பும் போயிற்று. மறுநாள் என் எண்ணையே தடுத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

கெட்டுப்போன கோடுகளைச் சூப்பர் குளூ விட்டு அடைத்தேன். பட்டி வேண்டாம், மறுபடி கீறும்போது ஓரம் உதிரும். குளூவையும் ஒரு நாள் விட்டுவிட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். இப்போது பின் வைஸில் (pin vise, மெல்லிய நுனிகளைப் பிடிக்கும் சிறு கைப்பிடி) ஒரு தையல் ஊசியை மாட்டி, லேபிள் டேப்பைக் குறுக வெட்டி, ஊசி வழி மாறாமல் இருக்க ஓரமாக ஒட்டி, அழுத்தாமல் ஏழெட்டு முறை இழுக்கிறேன். ஊசியும் பிசிறு விடும்தான், ஆனால் அதை உப்புத்தாளில் எடுத்துவிடலாம். கோடு முடி போல வருகிறது.

உளிதான் வேண்டும் என்றால், நுனியை வெர்னியரில் வைத்து எடுத்த படத்தை முதலில் கேளுங்கள். நான் பார்த்த விளம்பரத்தில் எல்லாப் படமும் டப்பாவுக்குள் இருந்தவைதான், நுனியைக் கிட்டத்தில் காட்டிய படம் ஒன்றுகூட இல்லை.