கோன் அஞ்சல்தலைகள்: தனித் தொகுப்பா, முதல் நாள் உறையா?

தாய்லாந்தின் கோன் முகமூடி நாட்டிய நாடகம் 2018-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ராமாயணத்தின் தாய்லாந்து வடிவமான ராமகியன் கதையை ஆடும் இக்கலையின் அஞ்சல்தலைகளைச் சேர்க்கத் தொடங்குவோர், முத்திரை குத்தப்படாத தனித் தொகுப்பா, தலைகளை ஒட்டி வெளியீட்டு நாளின் முத்திரை குத்திய முதல் நாள் உறையா என்று தயங்குவது இயல்பே.

செலவு: தனித் தொகுப்பை வெளியீட்டின்போது முகமதிப்பிலேயே (தலையில் அச்சிட்ட விலையிலேயே) வாங்கலாம், உறைக்கும் அச்சுக்கும் சேர்த்து முதல் நாள் உறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க நேரும்.

நீடிப்பு: தனி அஞ்சல்தலையின் பின்புறப் பசை ஈரக்காற்றில் இளகி ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளிகளும் தோன்றும், உறையில் பசை பற்றிய கவலை இல்லை, ஆயினும் மூலைகள் எளிதில் மடங்கும்.

காட்சிதான் எனக்கு முதன்மையானது. கோனில் முகமூடி அணிந்த அரக்கரும் வானரரும் தாமே பேசுவதில்லை. உரையைப் பாடகர்கள் சொல்ல, முகமூடியின் நிறமும் உடலசைவுமே பாத்திரத்தை உணர்த்துகின்றன. பச்சை முகத் தோட்சகன் (இராவணனைக் குறிக்கும் தசகண்டன் என்ற நம் பெயரின் தாய் மொழி வடிவமே அது), வெள்ளை முக அனுமன் ஆகியோரின் மகுட வேலைப்பாட்டை உருப்பெருக்கியில் பார்க்கும்போது, மை படாத அஞ்சல்தலையில்தான் ஒவ்வொரு பொன் கோடும் தெளிவாகத் தெரிகிறது. முத்திரை சில வேளைகளில் முகத்தின் மேலேயே விழுந்துவிடும்.

ஓவிய நுணுக்கத்தை விரும்புவோருக்குத் தனித் தொகுப்பே ஏற்றது. வெளியீட்டு நாளின் சான்றைத் தேடுவோரும் சட்டமிட்டு மாட்ட நினைப்போரும் உறையை வாங்கலாம்.