அம்மா அறை ரேடியோவுக்கு ஹாலிலிருந்து பாட்டு: மூன்று வருட அனுபவம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடையது பழைய நீள வீடு. ஹாலில் கம்ப்யூட்டர், கடைசி அறையில் அம்மா. அம்மாவுக்குப் பழக்கம் இரண்டு திருகு வைத்த ரேடியோதான். ஒன்று சத்தம், ஒன்று ஸ்டேஷன். புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சுவர் தாண்டியதும் விட்டு விட்டுக் கேட்டது. அணைந்துபோனால் மறுபடி இணைக்க நான்தான் ஓட வேண்டும். அதனால் 2022-ல் கைக்கடக்கமான எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் (பாட்டை வீட்டுக்குள் ரேடியோ அலையாக அனுப்பும் சின்னக் கருவி) ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையில் செருகினேன். தேவாரப் பதிவுகள் அம்மாவுக்கு இன்னொரு ஸ்டேஷனாகிவிட்டன.

டயலில் எந்த ஸ்டேஷனும் இல்லாத காலி இடம் தேடவே முதல் வாரம் போனது. 102.8-ல் புதுச்சேரி ரெயின்போ, 107.8-ல் புதுவை வாணி. அந்தப் பக்கமே போகவில்லை. எஃப்.எம்.-ல் இரண்டு மோதினால் வலுத்தது மட்டும் கேட்கும், மெலிந்தது அமுங்கிவிடும். 88.6-ல் வைத்தேன். கோடை இரவுகளில் மட்டும் தூரத்து ஸ்டேஷன் ஏதாவது கடல் தாண்டி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி வைப்பேன்.

பெரிய தொந்தரவு, பாட்டுக்கு அடியில் ஓடிய ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். கம்ப்யூட்டரும் டிரான்ஸ்மிட்டரின் சார்ஜரும் ஒரே கரண்டில் இருந்ததுதான் காரணம். பவர் பேங்கில் போட்டால் இரைச்சல் போனது, ஆனால் அரை நிமிடத்தில் பவர் பேங்க் தானாகவே அணைந்தது. டிரான்ஸ்மிட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. கடைசியில் பென்சில் பேட்டரி போடுகிற மாடலுக்கு மாறினேன். இன்றுவரை சுத்தமாக இருக்கிறது.

கம்ப்யூட்டரில் சத்தத்தை முழுக்க வைக்காதீர்கள். ‘ச’ வருகிற இடமெல்லாம் கரகரக்கும். மிகவும் குறைத்தால் இரைச்சல் மேலே வரும். எனக்கு 70 சரியாக இருக்கிறது. ரேடியோ ஏரியலை முழுக்க நீட்டுங்கள்; ஏரியலுக்கு அலைநீளத்தில் கால் பங்கு நீளம் நல்லது, 88.6-க்கு அதுவே சுமார் 85 செ.மீ. வரும். நடுவில் இரும்பு பீரோ இருந்தால் நகர்த்திவிடுங்கள், எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை அதுதான். தெருவரை கேட்கும்படி சக்தியைக் கூட்ட மட்டும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது தப்பு.

உப்புக் காற்று ஊர் என்பதால் செருகியின் முனை ஆறு மாதத்தில் பச்சை பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் கேட்கத் தொடங்கினால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன்.

டயலில் 88.6-க்கு நேரே சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் ராத்திரி. கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்ததும் அம்மா தானாகவே திருகை ரெயின்போவுக்கு நகர்த்தி, மடியில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். கரண்ட் திரும்பிய அன்று உள்ளே இருந்து குரல்: “பொட்டுக்கு வந்துட்டேன்டா, பாட்டைப் போடு.”