மூணு நாடு, மூணு பழைய சண்டை, எந்தப் படம் வேலைக்கு ஆச்சு

ஹிட்லர் காலத்து பிரச்சாரப் படங்கள்ல பழைய சரித்திரச் சண்டைய தோண்டி எடுத்து பண்ணின மூணை வரிசையா பார்த்தேன். ரஷ்யாவோட அலெக்சாண்டர் நெவ்ஸ்கி, பிரிட்டனோட ஹென்றி ஐந்து, ஜெர்மனியோட கோல்பெர்க். மூணுலயும் ஃபார்முலா ஒண்ணுதான், அன்னிக்கு நம்ம முன்னோர் நின்னாங்க இன்னிக்கு நீயும் நில்லுன்னு சொல்றது.

முதல்ல கோல்பெர்க், ஏன்னா காசு கொட்டினதும் அதுலதான் கூத்தும் அதுலதான். நம்ம ஊர் மேடையில இன்னிக்கும் எதிர்க்கட்சிய திட்ட இழுக்குற அதே கோயபல்ஸ், ஹிட்லரோட பிரச்சார மந்திரி, 1943 ஜூன்ல ஆர்டர் போட்டு எடுக்க வச்ச கலர் படம், செலவு 80 லட்சம் மார்க்குக்கு மேல. 1807-ல நெப்போலியன் படை முற்றுகை போட்டும் விழாத கோல்பெர்க்ங்கிற கடலோர ஊரோட கதை. ஊர் விழலைங்கிறது நிஜம், ஆனா அந்தப் போர்ல அந்த ஊர் இருந்த ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யா தோத்து டில்சிட் ஒப்பந்தத்துல பாதி நாட்ட விட்டுக்கொடுத்துச்சே, அத யார் சொல்றது? 1,87,000 சிப்பாய்ங்கள நடிக்க வச்சேன்னு டைரக்டர் வைட் ஹார்லான் பின்னாடி அளந்து விட்டாரு, அத இப்ப யாரும் நம்புறதில்ல, ஆனா ஆள் பத்தாத நேரத்துல நிஜ ராணுவத்த கூட்டிட்டு வந்து படம் எடுத்தது உண்மை. கடைசில சாவு ரொம்ப தெரியுதுன்னு கோயபல்ஸே நிறைய சீன வெட்டிட்டாரு. 1945 ஜனவரி 30 ரிலீஸ், பெர்லின்லயும், பிரான்ஸ்ல எதிரி சூழ்ந்து நிக்க ஜெர்மன் படை உள்ள மாட்டியிருந்த லா ரொஷெல் கோட்டைலயும். கோட்டைக்குள்ள பிலிம் பெட்டி போனது பாராசூட்ல! ஏழு வாரம் முடியறதுக்குள்ள, மார்ச் 18, நிஜ கோல்பெர்க் விழுந்துடுச்சு, அந்தச் செய்தி ராணுவ அறிக்கைல வராம கோயபல்ஸ் பார்த்துக்கிட்டாரு. பெர்லின்ல பாதி தியேட்டர் இடிஞ்சு கெடக்கும்போது யாருக்குங்க இந்தப் படம்?

ஹென்றி ஐந்து இதுக்கு நேர் எதிர், கமுக்கமா வேலை பாக்குற ரகம். 1415-ல இங்கிலாந்து ராஜா ஹென்றி பிரான்ஸ ஜெயிச்ச அஜின்கோர்ட் சண்டைய லாரன்ஸ் ஒலிவியர் 1943-ல போர்ல சேராத அயர்லாந்துக்குப் போய், அங்க இருந்த விவசாயிங்கள குதிரை மேல ஏத்தி எடுத்தாரு, சங்கிலிக் கவசம்னு நாம நினைக்கிறது நூல பின்னி வெள்ளி பெயின்ட் அடிச்சது. எனக்கு சுவாரசியமா பட்டது வெட்டினதுதான். படத்துக்கு மூலமான ஷேக்ஸ்பியர் நாடகத்துல ராஜா கைதிங்கள கொல்லச் சொல்றான், அது காலி. சொந்த ஆளுங்க மூணு பேர் துரோகம் பண்றாங்க, அதுவும் காலி. அவன் பையன் காலத்துல பிரான்ஸ் கைய விட்டுப் போச்சுன்னு வர்ற கடைசி வரிகளும் இல்ல. ஒரே சிக்கல், படம் 1944 நவம்பர்ல வந்தப்போ பிரெஞ்சுக்காரன் நண்பன், அதனால அவன வில்லனா காட்டாம சோம்பேறி மைனர் மாதிரி காட்டி ஒப்பேத்திட்டாங்க. பிரான்ஸோட நார்மண்டி கடற்கரைல பிரிட்டிஷ் படை இறங்கி அஞ்சு மாசம் ஆன நேரம், ராஜாவும் அதே நார்மண்டிலதான் இறங்குறாரு, தனியா வசனம் தேவைப்படல.

நெவ்ஸ்கி இருக்கே, அதுல நாசூக்கெல்லாம் கிடையாது. 1242-ல உறைஞ்ச ஏரி மேல கவசம் போட்ட ஜெர்மன் குதிரை வீரனுங்கள (நைட்) நெவ்ஸ்கிங்கிற இளவரசர் தலைமையில ரஷ்யர்கள் அடிச்ச கதை, காலாட்படை ஹெல்மெட்ட பார்த்தா முதல் உலகப்போர் ஜெர்மன்காரன் ஹெல்மெட் மாதிரியே இருக்கும், தலைமுறை தாண்டின எதிரின்னு ஒரே ஷாட்ல புரிஞ்சுடும். அந்தப் பனியெல்லாம் 1938 வெயில் காலத்துல சாக்பொடியும் உப்பும் கொட்டி டைரக்டர் ஐசன்ஸ்டைன் உண்டாக்கினது, கம்பளி போர்த்துன ஆளுங்க வேர்த்து வடிஞ்சுதான் நடிச்சிருக்கணும். ஐஸ் உடைஞ்சு கூட்டம் கூட்டமா முங்குற சீன வரலாற்றாசிரியர்கள் அவ்ளோவா ஒத்துக்கிறதில்ல, ஆனா புரோகோஃபியேவ் இசையோட பார்க்கும்போது அது யாருக்கு ஞாபகம் வரப்போகுது. முடிவுல நெவ்ஸ்கி சாகுறதா எழுதியிருந்தத ஸ்டாலின் அடிச்சுட்டாரு.

1939 ஆகஸ்ட்ல ஹிட்லரோட ஒப்பந்தம் போட்டதும் படத்த தூக்கி உள்ள வச்சுட்டாங்க. 1941 ஜூன்ல ஜெர்மன்காரன் உள்ள வந்ததும் திரும்ப தியேட்டருக்கு. ஒரு ஃப்ரேம் மாத்தல, எதிரி தானா வந்து படத்துக்கு அர்த்தம் குடுத்துட்டான், அது கோல்பெர்க்குக்கு கிடைக்காத பாக்கியம். படமா ரசிக்க நான் ஹென்றியத்தான் எடுப்பேன், ஆனா பிரச்சாரம்னு பார்த்தா நெவ்ஸ்கி பக்கத்துல எதுவும் நிக்காது. 1942-ல நெவ்ஸ்கி பேர்ல ராணுவ விருது ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அதனால பதக்கத்துல படத்துல நடிச்ச செர்காசோவ் முகத்தையே செதுக்கிட்டாங்க.