மூன்று விஸ்கி வரிசைகளும் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜியும்

பெங்களூருவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஆறு பேர் கூடி விஸ்கி ருசி பார்ப்போம். குடிக்க அல்ல, ருசி பார்க்க. சிரிக்காதீர்கள், அளவைக் கேளுங்கள். ஒரு பாட்டிலிலிருந்து ஆளுக்கு 15 மில்லி. நான்கு பாட்டிலைத் தொட்டு முடித்தாலும் 60 மில்லி, ஒரே ஒரு லார்ஜ். ஒவ்வொரு தடவையும் சண்டை வருவது எந்த வரிசையை வைப்பது என்பதில்தான். ஸ்காட்ச், இந்திய சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து வடித்த விஸ்கி), அமெரிக்காவின் போர்பன், மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டோம். ஜெயிப்பதும் தோற்பதும் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பது என் கட்சி.

ஸ்காட்சில் மூன்று பாட்டிலுக்குள் மூன்று ஊர் சுற்றி வந்துவிடலாம். நாங்கள் வைத்தது கிளென்லிவெட் 12, கிளென்டிரோனாக் 12, ஆர்ட்பெக் 10 (எண், பீப்பாயில் குறைந்தது எத்தனை வருடம் கிடந்தது என்பது). முதலாவதில் ஆப்பிளும் தேனுமாக ஒரு மென்மை. இரண்டாவது ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறியது, மூக்கருகே கொண்டுபோனாலே உலர்திராட்சை வாசம். மூன்றாவது ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு. சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட் என்ற மக்கிய தாவர மண்ணை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியைக் காய வைப்பதால் புகை, டிங்க்சர், கடல் எல்லாம் ஒன்றாக வரும். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஆர்ட்பெக்கை முதலில் ஊற்றினால் அடுத்து வருவதெல்லாம் வெந்நீர்தான்.

கிளென்லிவெட்டுக்கு உப்புக் குறைவாக வறுத்த முந்திரி போதும். கிளென்டிரோனாக்குக்குப் பேரீச்சம்பழமோ கசப்புச் சாக்லேட்டோ. ஆர்ட்பெக்குக்குத்தான் மெனக்கெட வேண்டும். ஐலாக்காரர்கள் சிப்பி ஓட்டுக்குள்ளேயே சில துளி விஸ்கியை விட்டு விழுங்குவார்கள். சிப்பிக்கு எங்கே போவது? நெத்திலிக் கருவாட்டை அலசி, உலர்த்தி, மிளகாய்த்தூள் படாமல் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வறுத்தோம். கீழ் வீட்டில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு நெத்திலியைக் கடித்து மென்று, நாக்கில் உப்பு இருக்கும்போதே ஒரு மிடறு. புகை முதலில் கூடுகிறது, அப்புறம் அடங்குகிறது. கடைசியில் மெல்லிய இனிப்பு ஒன்று தங்குகிறது. தனியாகக் குடித்தபோது அது ஒருநாளும் எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

இந்த வரிசையின் பலவீனம் முதல் பாட்டில். ஸ்காட்சுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச வலு, அதாவது ஆல்கஹால் அளவு, 40 சதவீதம், மென்மையான பல வகைகள் அந்த அளவிலேயே பாட்டிலுக்கு வருகின்றன. நாங்கள் முதல் தடவை கூடியபோது நண்பர் ஒருவர் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தார். ஒரு கடி, ஒரு மிடறு, அவ்வளவுதான். ஆப்பிளும் இல்லை தேனும் இல்லை, எரிச்சல் மட்டும். மிளகாயின் காரமும் ஆல்கஹாலும் வாயில் சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் சீண்டுகின்றன. ஒன்று மற்றதை ஏற்றிவிடும்.

இந்திய வரிசைக்கு கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸ், எங்கள் ஊர் அம்ருத் ஃப்யூஷன், அம்ருத் பீட்டட். இந்திய விஸ்கி என்றதும் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) சாராயம் கலந்த சாதா சரக்கை நினைக்க வேண்டாம், இவை முழுக்க பார்லி. அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் முதலில் இறக்கிய இடம் கிளாஸ்கோ. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான், ஆனால் விற்றது. விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே, தன் ‘விஸ்கி பைபிள்’ கையேட்டின் 2010 பதிப்பில் ஃப்யூஷனுக்கு நூற்றுக்கு 97 மதிப்பெண் போட்டார். லேபிளில் வயது இல்லையே என்று தயங்க வேண்டாம். ஸ்காட்லாந்துப் பீப்பாயில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், பெங்களூருவில் 10 முதல் 12 வரை. இங்கே 12 வருடம் வைத்தால் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சும். சூட்டில் சீக்கிரமே பழுத்தும்விடுகிறது.

மிளகு தூக்கலான மட்டன் சுக்காவுக்கு முன்னால் கிளென்லிவெட் வாயைத் திறக்காது, ஃப்யூஷன் எதிர்த்துப் பேசும். வலு 50 சதவீதம் என்பதால் பச்சை மிளகாயோடு மட்டும் சேர்க்காதீர்கள், பஜ்ஜி விபத்தைவிட மோசமாகும். 15 மில்லிக்கு அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டால் வலு 43-க்கு இறங்கிவிடும், வாசமும் விரியும். புகை வாசம் தரும் குவாயகால் என்ற பொருள், தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வருகிறது என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐஸ் இதற்கு நேர் எதிரி, வாசத்தை அமுக்கிவிடும். இந்திய வரிசையில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: மூன்றும் ஒரே தெருக்காரர்கள். மூன்றாவது கிளாஸில் நாக்கு களைத்துவிடுகிறது.

போர்பன் வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய், அதனால் வெண்ணிலாவும் கேரமலும். மேக்கர்ஸ் மார்க்கோடு கோவில்பட்டி கடலை மிட்டாயைச் சேர்த்துப் பாருங்கள், கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் மூன்று போர்பன் அடுத்தடுத்து என்பது மூன்று தடவை பாயசம் பரிமாறிய மாதிரி. ஒரு பாட்டில் போதும், அதுவும் முதல் கிளாஸாக. பீப்பாய் புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் போர்பன்காரர்கள் ஒருமுறை பயன்படுத்தி விற்றுவிடும் பீப்பாய்கள்தான் ஸ்காட்லாந்துக்கும் பெங்களூருவுக்கும் கோவாவுக்கும் போகின்றன. அந்த வெண்ணிலாவை முதலிலேயே முகர்ந்துகொண்டால் பின்னால் வரும் கிளாஸ்களில் அடையாளம் தெரியும்.

ஆகவே, மேசையில் கருவாடும் பருப்பு வகையும் என்றால் ஸ்காட்சுக்கே என் ஓட்டு. சுக்கா, வறுவல் என்று சமையலறை போகிறதென்றால் இந்திய வரிசை. பஜ்ஜி எங்கள் வீட்டில் இன்னும் உண்டு. எல்லா பாட்டிலையும் மூடிய பிறகு, டீயோடு வரும்.